இரவு பதினொரு மணிக்கு லென்ஸ் விலை கேட்பவர்களுக்கு

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பறவைகளைப் படமெடுக்கக் கிளம்பும் நண்பர்கள் எல்லோருக்கும்,



கருவியைக் குறைசொல்ல இந்த மடலை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறவைப் படம் கருவியை நம்பி நிற்கும் கலை. பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்றுகொண்டு, சதுப்பின் நடுவே மேயும் பூநாரையை 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் ஒரு புள்ளிதான் கிடைக்கும். வேடந்தாங்கல் ஏரிக்கரையிலிருந்து நத்தைகுத்தி நாரையின் அலகில் உள்ள இடைவெளி தெரிய எடுக்க வேண்டுமென்றால் 400, 500, 600 என்று போகத்தான் வேண்டும். அதற்குக் காசு ஆகும். சேர்த்துவைத்து, யோசித்து, வீட்டில் சொல்லி வாங்குகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

நான் பேச வந்தது வேறொரு வாங்கலைப் பற்றி. அது பெரும்பாலும் இரவு பத்தரை, பதினொன்றுக்கு மேல் தொடங்குகிறது. "அண்ணா, முழிச்சிருக்கீங்களா? 200-600க்கு ஆஃபர் போட்டிருக்கான். ஸ்டாக் ரெண்டுதான் இருக்காம். போட்டுடலாமா?" கேட்பவர் புதியவர் இல்லை. அவர் வீட்டில் ஏற்கெனவே மூன்று லென்ஸ் இருக்கும். ஒன்றுக்கு இன்னும் தவணை போய்க்கொண்டிருக்கும். நம் குழுவில் இந்தக் கேள்விக்கு உடனே நாலைந்து பேர் பதில் சொல்லிவிடுகிறோம்: கூர்மை நன்றாக இருக்கும், எடை கொஞ்சம் அதிகம், கையில் பிடித்து எடுக்கலாம், உங்கள் பாடியோடு ஆட்டோஃபோகஸ் வேகமாகத்தான் இருக்கும். எல்லாமே சரியான தகவல். ஆனால் அந்த மனிதருக்கு அன்று என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நம்மில் ஒருவர் அப்பாவை இழந்த வருடம் இப்படித்தான் போனது. பெயர் போட வேண்டாம், விஷயத்தை எழுதுங்கள் என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன். காரியங்கள் முடிந்த கையோடு ஒரு டெலி வாங்கினார். அடுத்து 1.4 டெலிகன்வெர்ட்டர். அடுத்து கார்பன் ஃபைபர் ட்ரைபாட், அதற்கு கிம்பல் ஹெட். பிறகு பாடியையே மாற்றினார். பெட்டி வந்து இறங்கியதும் படமெடுத்து அனுப்புவார். நாம் வாழ்த்துச் சொல்லுவோம். அந்த வருடம் அவர் ஏரிப்பக்கமே அநேகமாக வரவில்லை என்பது நம் கண்ணில் படவில்லை. பின்னால் ஒருநாள் தேநீர்க் கடையில் நிற்கும்போது சொன்னார்: "பெட்டி வர்ற வரைக்கும் நல்லா இருக்கும். பிரிச்சு, மாட்டிப் பார்த்து, மூடி வெச்சதும் வீடு பழையபடி ஆயிடும்."

இந்த மனிதரைப் பலவீனமானவர் என்று நினைத்தால் விஷயம் பிடிபடாது. வாங்குவது மனச்சுமையை உண்மையிலேயே குறைக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ரிக்கும் அவருடைய சகாக்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சோகமான காட்சியைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரிடம் பொருள்களை வெறுமனே பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள்; இன்னொரு பகுதியினரிடம் எதை வாங்குவீர்கள் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சோகம் கூடுதலாகக் குறைந்தது. தன் கையில் எதுவுமே இல்லை என்ற உணர்வுதான் சோகத்தின் நடுப்பகுதி. 'இது வேண்டும், அது வேண்டாம்' என்று முடிவெடுக்கும்போது ஏதோ ஒன்றாவது நம் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது. அந்த ஆய்வின் ஒரு சோதனையில் பணமே கைமாறவில்லை, வாங்குவதாகப் பாவித்துத் தேர்ந்தெடுத்ததே போதுமானதாக இருந்தது. நள்ளிரவில் நான்கு லென்ஸ்களின் விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவருக்கு ஆறுதல் ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது. 'ஆர்டர்' பொத்தான் அதற்கு மேல் கொடுப்பது கடன் மட்டும்தான்.

சோகம் பையையும் தளர்த்திவிடுகிறது. சிந்தியா கிரைடர், ஜெனிபர் லெர்னர் ஆகியோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சோகப் படத் துண்டைப் பார்த்தவர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு விலை தர முன்வந்தார்கள். பார்த்த படம் தங்கள் முடிவைப் பாதித்ததாக அவர்கள் நினைக்கவும் இல்லை. தண்ணீர் பாட்டிலுக்கே இப்படியென்றால், ஒன்றேமுக்கால் லட்சம் ரூபாய் லென்ஸை 'இப்ப விட்டா கிடைக்காது' என்ற அவசரத்தில் பார்க்கும் மனதின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஆறுதல் ஏன் பெட்டியோடு முடிந்துவிடுகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் 1990களில் புகழ்பெற்றன. குரங்குக்கு முதலில் பழச்சாறு கிடைக்கும்போது அதன் மூளையின் டோபமைன் செல்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன்னால் ஓர் அறிகுறியைத் தொடர்ந்து காட்டிப் பழக்கியபின், செல்கள் அந்த அறிகுறிக்கே துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே வந்தால் அந்தச் செல்களுக்கு அதில் செய்தி எதுவும் இல்லை. மனித மனதை முழுக்க இதற்குள் அடக்கிவிட முடியாதுதான். ஆனால் 'பார்சல் இன்று வந்துசேரும்' என்ற குறுஞ்செய்தியைப் பார்த்ததும் எழும் பரபரப்பு, பார்சல் கைக்கு வந்த பிறகு எங்கே போகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தச் சோதனைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஒரு பொருள் தனியாகவும் வருவதில்லை. 1769-ல் பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ தன் பழைய அங்கியைப் பிரிந்த வருத்தத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். புதிதாக வந்த சிவப்பு அங்கியின் பக்கத்தில் பழைய நாற்காலி மட்டமாகத் தெரிந்தது, மேசை மட்டமாகத் தெரிந்தது, சுவரில் இருந்த படங்களும் அப்படியே. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனார். மானிடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988-ல் இந்தப் போக்குக்குத் திதரோவின் பெயரையே வைத்தார். நம் பொழுதுபோக்கில் இது அச்சுப் பிசகாமல் நடக்கிறது. 45 மெகாபிக்சல் பாடி வந்ததும் நேற்றுவரை கூர்மையாக இருந்த லென்ஸ் மங்கலாகத் தெரியும். ரா ஃபைல் ஒவ்வொன்றும் பெரிதாவதால் வேகமான கார்டு வேண்டும், பிறகு ஹார்ட் டிஸ்க், பிறகு கணினி. எடை கூடியதால் ட்ரைபாட். இத்தனையும் வந்ததால் பை. இந்த வரிசையில் எந்த இடத்திலும் பறவை இல்லை.

தவணைத் திட்டங்கள் இந்த வரிசையை மேலும் நீட்டித்துவிடுகின்றன. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று விளம்பரத்தில் வருவதை நம் குழுவில் பலர் வட்டியில்லாக் கடன் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வட்டி இருக்கிறது. மொத்தப் பணம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடிக்குள் அது ஒளிந்திருக்கிறது. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு, பல நேரம் ப்ராசஸிங் கட்டணமும் உண்டு. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதியது. தவணை ஒன்று தவறினால் கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 36 சதவீதம், அதற்கு மேலும் போகும். மனம் லேசாக இருந்தது ஒரு வாரம். தவணை 12 மாதம். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் இன்னொரு கெட்ட நாள் வராமலா போய்விடும்? வரும்போது அடுத்த தவணை இதன் மேல் ஏறி உட்காருகிறது.

இங்கே நம் ஆண் நண்பர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பீரோ நிறையப் புடவை என்று மனைவியைக் கிண்டல் செய்யும் பேச்சு நம் பயணங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. 2006-ல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் லோரின் கொரன் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய கணக்கெடுப்பில், கட்டுப்பாடில்லாமல் வாங்கும் பழக்கம் பெண்களில் 6 சதவீதம், ஆண்களில் 5.5 சதவீதம். ஏறக்குறைய சமம். புடவை வாங்கினால் செலவு, லென்ஸ் வாங்கினால் முதலீடு என்று பேசுவது நமக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் முதலீடு என்று சொல்லும் லென்ஸை விற்கப் போய்ப் பாருங்கள்: பில் இருக்கிறதா, பெட்டி இருக்கிறதா, வாரண்டி எத்தனை மாதம் என்று ஒவ்வொரு கேள்வியிலும் விலை இறங்கும்.

இசைக்காரர்களும் இதைக் கடந்து வந்தவர்கள்தான். 1990களில் ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர் கிட்டார் வாங்கிக் குவிப்பதை 'காஸ்' (GAS) என்ற ஒரு நோயாகப் பாவித்து வேடிக்கையாக எழுதினார். அது பின்னர் எல்லாக் கருவிகளுக்கும் விரிந்து, இன்று நம் குழுவிலும் 'எனக்கு காஸ் வந்துடுச்சு' என்று சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பில் எனக்கு வருத்தம் உண்டு. பில்லை வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்துவைப்பவரும், பார்சலை அலுவலக முகவரிக்கு வரவழைப்பவரும் அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ள முடிகிறது.

சென்னையின் காற்றையும் மறக்கக் கூடாது. கடலோர ஊரில் ஈரப்பதம் வருடத்தின் பெரும்பகுதி எழுபது சதவீதத்தைச் சுற்றியோ மேலோ நிற்கும். லென்ஸுக்கு 40 முதல் 50 போதும். எடுக்காமல் பையிலேயே மூடிக் கிடக்கும் லென்ஸின் கண்ணாடிக்குள் பூசணம் சிலந்தி நூலாகப் படரும். அது மேற்பூச்சை அரித்துவிட்டால் பிரித்துத் துடைத்தாலும் தடம் போகாது. வெயில் படும்படி வெளியே எடுத்துப் போய்ப் படமெடுத்துக்கொண்டிருக்கும் லென்ஸுக்கு இந்தக் கேடு குறைவு. ஆறுதலுக்காக வாங்கி அலமாரியில் வைக்கும் லென்ஸுக்குத்தான் முதலில் வருகிறது. பிறகு அதைக் காப்பாற்ற ட்ரை கேபினெட் வாங்குகிறோம். கேபினெட் பெரிதாக இருந்தால் அதை நிரப்பவும் செய்கிறோம்.

கருவியின் மேல் ஆசை இருப்பதே தப்பு என்று யாராவது சொன்னால் நான் மா. கிருஷ்ணனைக் காட்டுவேன். அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர், 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கைப் பத்தி எழுதியவர். யானைகளையும் காட்டையும் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவருக்குக் கருவிமேல் இருந்த அக்கறை கொஞ்சநஞ்சமல்ல. வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் வைத்திருந்தார். ஆனால் அந்தக் கருவி காட்டிலிருந்து பிறந்தது. இன்ன தூரத்தில் இன்ன விலங்கு, இன்ன வெளிச்சம், இதற்குக் கையில் இருப்பது போதவில்லை என்ற நிஜமான குறையிலிருந்து வந்தது. நம்முடைய அடுத்த லென்ஸ் எந்தக் குறையிலிருந்து வருகிறது என்று கேட்டால், 'பெரும்பாக்கம் ஏரியில் நீளவால் இலைக்கோழி இந்தத் தூரத்துக்கு மேல் விடவில்லை' என்று இடத்தையும் பறவையையும் சொல்லிப் பதில் வர வேண்டும். அப்படி வந்தால் வாங்குங்கள், நானும் கூட வருகிறேன். அதற்கும் முன்னால் ஒரு சனி, ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சென்னையில் நாள் வாடகைக்கு லென்ஸ் கொடுக்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். மனதைத் தூக்கிவிடும் பொருளைத் தேடித்தான் இரவில் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். அந்தப் பொருள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 1,300 பேர் தங்கள் அன்றாடத்தில் நாளுக்குச் சில முறை, இப்போது பறவையைப் பார்க்கிறேனா, கேட்கிறேனா, மனம் எப்படி இருக்கிறது என்று கைப்பேசிச் செயலியில் பதிவுசெய்தார்கள். பறவையைப் பார்த்த, கேட்ட நேரங்களில் மனநிலை மேம்பட்டிருந்தது. அந்த மேம்பாடு எட்டு மணி நேரம்வரை நீடித்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் அப்படியே. இதில் லென்ஸுக்கு வேலையே இல்லை. செம்மார்புக் குக்குறுவான் 'டுக் டுக்' என்று எங்கோ மரத்திலிருந்து கூப்பிடுவதைக் கேட்டால் போதும். அது தி.நகரிலும் கேட்கும், தாம்பரத்திலும் கேட்கும்.

வருத்தமான நாளில் ஏரிக்குப் போகாமல் கடைக்குப் போவதால் நாம் இழப்பது பணம் மட்டுமில்லை. நம்மை இந்தப் பொழுதுபோக்குக்குள் இழுத்துவந்த பறவையையே இழக்கிறோம். மேலே சொன்ன நண்பர் ஏரிக்குத் திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு பைனாகுலர் மட்டும்தான் இருந்தது. பனங்காடை ஒன்று மின்கம்பியிலிருந்து பறந்து நீலம் விரித்ததைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றியே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். படம் கிடைக்கவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே குழுவாக நாம் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். பெட்டிப் படத்துக்கு வாழ்த்துச் சொல்வதை நிறுத்துவோம். புது லென்ஸில் எடுத்த முதல் பறவையைக் காட்டுங்கள், அதற்கு மனதாரக் கைதட்டுவோம். இரவு ஒன்பதுக்கு மேல் வரும் 'வாங்கலாமா' கேள்விக்குத் தொழில்நுட்பப் பதில் வேண்டாம். "காலைல பேசலாம்" என்று சொல்லிவிட்டு, காலையில் மறக்காமல் கூப்பிடுவோம். கூப்பிடும்போது லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள், தூக்கம் வருகிறதா என்று கேட்போம். அவசரமென்றால், "ஆறு மணிக்குப் பெரும்பாக்கம் வர்றீங்களா?" என்று கேட்பதே சிறந்த பதில். நம் ஒவ்வொருவரிடமும் சும்மா கிடக்கும் கருவிகளைக் கைமாற்றிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆளுக்கொரு மேக்ரோ லென்ஸ் யாருக்கும் தேவையில்லை. பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் இந்த முறை கேமரா இல்லாமல் கலந்துகொள்ளும் ஒரு குழுவையும் அமைக்கலாம் என்று நினைக்கிறேன். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும். எண்ணும்போது மடையான்கூட முழுப் பறவையாகத் தெரியும்.

இதெல்லாம் போதாத நண்பர்களும் நம்மில் இருப்பார்கள். வாங்கவில்லையென்றால் கை நடுங்குகிறது, வாங்கியதைப் பெட்டி பிரிக்காமலே ஒளித்துவைக்கிறேன், ஒரு கார்டின் கடனை இன்னொரு கார்டால் அடைக்கிறேன், வீட்டில் பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன் என்ற நிலை அது. அதைச் சபலம் என்று யாரும் மட்டம்தட்டக் கூடாது. ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்லின் நூறாண்டுகளுக்கு முன்பே இதை விவரித்திருக்கிறார். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளில் ஓர் எடுத்துக்காட்டாக இதைக் குறிப்பிடுகிறது. பல நேரம் இதன் அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கும். அதைக் கவனித்தால் இதுவும் இறங்கும். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் உரையாடல் சிகிச்சை இதற்குப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.

விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எதற்கு விற்கிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். பில்லும் பெட்டியும் இருந்தால் எடுத்து வையுங்கள்; பூசணம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, நியாயமான விலை என்ன என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, நம் ஆட்களுக்குள்ளேயே வாங்குபவரைத் தேடித் தருகிறேன். வருகிற பணம் முதலில் எந்தக் கார்டுக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்ந்தே முடிவு செய்யலாம். வட்டி அதிகமாக உள்ளதிலிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
உங்களோடு கரையில் நிற்கும் ஒருவர்